ஏற மூச்சு வேண்டும், இறங்கத் தொடை வேண்டும்

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வயது 46. தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை, பஸ்ஸை விட்டு இறங்கினால் தினமும் ஒரு கிலோமீற்றர் ஏற்றம். பிரஷருக்கு ஒரு குளிசை. இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து, கிழமைக்கு ஆறு நாள் போய், மூன்றாவது கிழமை முழங்கால் நொந்து நிறுத்திவிட்டீர்கள். கேட்டது மூன்று விஷயம்: மலையில் தினம் ஏறி இறங்குகிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு? நாற்பதுக்குப் பிறகு தனியாக ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்வது வீண் செலவா? வருகிற யாத்திரைச் சீசனில் மகளோடு சிவனொளிபாதமலை போக முடியுமா?

பதில் சொல்வதற்கு முன்பு நான் ஒன்று கேட்க வேண்டும். முழங்கால் நோவது ஏறும்போதா, இறங்கும்போதா?

ஹட்டனில் பதினான்கு வருடமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நாற்பது தாண்டி யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். அநேகமாக எல்லோரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இறங்கும்போதுதான் அக்கா” என்பார்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று கவலைப்படுவார்கள், ஆனால் நோவு வருவது திரும்பி வரும்போது. நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

ரம்பொடைக் கணவாயில் லொறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவமுள்ள டிரைவர் கியரைக் குறைத்து, இஞ்சினிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவார். பிரேக்கை மட்டும் நம்பி வருகிறவருக்கு அடிவாரத்தில் புகை நாறும். நம் உடம்பில் அந்த இஞ்சின் தொடையின் முன்தசை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கி, மெதுவாகக் கீழே விட வேண்டும். ஏறும்போது சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது நீண்டு வேலை செய்கிறது. இரண்டாவதுதான் தசை நாருக்குக் கடினமான வேலை. தொடைக்கு அந்தப் பலம் போதாவிட்டால் மிச்சப் பாரம் முழங்கால் சில்லிலும் மூட்டிலும் போய் விழுகிறது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்து ஜெர்மனியில் அளந்து பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் 2010இல் வந்தன. சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. உங்கள் எடை 65 கிலோ என்றால் ஒவ்வொரு படிக்கும் இருநூறு கிலோவுக்கு மேல்.

ஆகவே, “தினமும் நடக்கிறேனே, போதாதா?” என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: போதாது. நடையை விட்டுவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. உங்கள் ஏற்றமே அதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். ஆனால் அதே வழிகாட்டலில் இன்னொரு வரியும் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலம் சேர்க்கும் பயிற்சி வேண்டும். நம் ஊரில் யாரும் அந்த வரி வரைக்கும் வாசிப்பதில்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனால், தலையில் கயிற்றை மாட்டிக் கூடையைச் சுமந்துகொண்டு மாலை வரைக்கும் சரிவில்தான். அவர் உழைத்த உழைப்பில் பாதி நான் உழைத்ததில்லை. அப்படிப்பட்டவர் அறுபதாவது வயதில், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழும்ப முடியாமல் போனார். “இவ்வளவு வேலை செய்த உடம்புக்கு என்ன ஆச்சு?” என்று அந்த நாட்களில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல. வேலை ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்ய வைக்கும். கழுத்தும் தோளும் இடுப்பும் தேய்ந்துகொண்டே போகும், மற்றத் தசைகளைத் தொடவே தொடாது. கொழுந்து நிறைய இருக்கும் பருவத்தில் ஓய்வு கிடையாது. உடம்பு பலமாவது ஓய்வில்தான். ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்காத உழைப்பு உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். தோட்டத்துப் பெண்களைப் பார்த்து “அவங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்” என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவது இதனால்தான்.

முப்பதுகளுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகம். முதலில் போவது வேகமாக இயங்கும் நார்கள், அதாவது கால் சறுக்கும்போது சட்டென்று பிடித்து நிறுத்துகிறவை. மழை நாளில் பாசி பிடித்த படியில் விழுவதா தப்புவதா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. எலும்பும் தசையைப் போலத்தான், பாரத்தைக் கொடுத்தால் தாங்கப் பழகும். இந்தத் திசையைத் திருப்ப முடியுமா என்று கேட்டால், முடியும். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை கால் தசைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது நாற்பத்தாறில் முடியாதா, டீச்சர்?

இனி செய்யவேண்டியது. புதனும் ஞாயிறும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம், வீட்டிலேயே.

முதல் பயிற்சிக்கு ஒரு கதிரை போதும். கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, மனதுக்குள் நான்கு வரைக்கும் எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது. பிறகு சாதாரணமாக எழும்புங்கள். எட்டுத் தடவை, ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. எழும்புவதைவிட இந்த உட்காருதல்தான் மருந்து, இறக்கத்தில் தேவைப்படும் வேலையை அதுதான் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு கிழமை கழித்து வாசல்படிக்குப் போங்கள். பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரம் போதும். ஒரு காலில் படி மேல் நின்று, சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மற்றக் காலின் குதி தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி இறக்கி, திரும்ப மேலே வாருங்கள். காலுக்கு ஆறு தடவை. முன்னால் கண்ணாடி இருந்தால் நல்லது. நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேருக்கு அது நிற்க வேண்டும். சரிந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். எனக்குத் தெரிந்து, நம் பெண்களின் முழங்கால் நோவில் பெரும்பகுதிக்கு இந்த ஒன்றைப் பொறுமையாகச் செய்தாலே வழி கிடைக்கிறது.

மற்றவை சுலபம். ஐந்து கிலோ அரிசிப் பையை, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தரையிலிருந்து எடுப்பது. சுவரைத் தள்ளும் தண்டால். அதே பையை ஒரு கையால் இடுப்புவரை இழுப்பது, இது வருடக்கணக்கில் கரும்பலகைக்கு முன்னால் நின்று கொப்பி திருத்திய முதுகுக்கு. கடைசியாகக் குதியை உயர்த்தி நுனிக்காலில் நின்று, மெல்ல இறக்குவது. எதிலும் மூச்சை அடக்காதீர்கள். பாரத்தைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினால் பிரஷர் ஒரேயடியாக எகிறும், உங்களுக்கு அது கூடாது.

எவ்வளவு கடினமாக? இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். இரண்டு பயிற்சி நாள் தொடர்ந்து சுலபமாக இருந்தால் மட்டும் ஏதாவது ஒன்றைக் கூட்டுங்கள்: எண்ணிக்கையை, அல்லது பாரத்தை, அல்லது படியின் உயரத்தை. நோவுக்கு நான் வைக்கும் கணக்கு, பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டால், நடக்கும்போது மடிந்து போனால், இரவில் நித்திரையைக் கெடுத்தால் பயிற்சியை விட்டு வைத்தியரிடம் போங்கள்.

கிழமைக்கு ஆறு நாள் போனதுதான் உங்கள் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை, அப்படிச் செய்யச் சொன்னவர்கள்தான் தவறு. தசை ஆறேழு கிழமையில் பலமாகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாண் அப்படியல்ல, அதற்கு மாதக்கணக்காகும்.  “எனக்கு இப்போ நல்லா முடியுது” என்று பாரத்தைக் கூட்டும் மூன்றாவது நான்காவது கிழமையில்தான் நாண் முறையிடும். எனக்கும் அது நடந்தது. 42 வயதில் ஒரு ஜிம்மில் பயிற்சி எடுத்தேன். என் வயதில் பாதிகூட இல்லாத பயிற்சியாளர், தலைக்கு மேல் பாரம் தூக்கும் பயிற்சியைக் கிழமைக்கு நான்கு நாள் கொடுத்தார். தோள் நோகிறது என்றேன். நோகாமல் பலம் வராது என்றார். எட்டு மாதம் என்னால் தலை வார முடியவில்லை, சேலை ஜாக்கெட்டின் கொக்கியை மகள்தான் பூட்டிவிட்டாள். இன்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் மெதுவாகப் போவதன் காரணம் அந்த எட்டு மாதம்.

இதையே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல பயிற்சியாளர் வீண் செலவல்ல. ஆனால் நாற்பதுக்கு மேல் உங்களுக்கு வேண்டியவர் உற்சாகப்படுத்துகிறவர் அல்ல, இழுத்துப் பிடிக்கிறவர். முதல் நாளே பார்த்துவிடலாம். நீங்கள் என்ன குளிசை குடிக்கிறீர்கள், எத்தனை மணித்தியாலம் தூங்குகிறீர்கள், மாதவிடாய் எப்படி, முன்பு எங்கே அடிபட்டது என்று கேட்கிறாரா? கதிரையிலிருந்து எழும்பச் சொல்லி, ஒரு காலில் நிற்கச் சொல்லி உங்களை உற்றுப் பார்க்கிறாரா? பார்த்ததை எழுதி வைக்கிறாரா? உங்களைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா? எல்லோருக்கும் ஒரே பயிற்சி அட்டையை நீட்டினால், முதல் நாள் முடிந்து மறுநாள் கழிவறையில் குந்தி எழும்ப முடியாமல் செய்தால், புரத மா டின்னை விற்கப் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள். நல்லவர் கிடைத்தால் முதல் எட்டுக் கிழமைக்கு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை போதும். மாதக்கணக்கில் தினமும் வரச்சொல்லிப் பணம் வாங்குவது ஆசிரியர் சம்பளத்துக்குத் தாங்காது, தேவையும் இல்லை.

உங்கள் பிரஷர் குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டனோலோல் வகையாக இருந்தால் அது இதயத் துடிப்பைக் கூடவிடாது. 220இல் வயதைக் கழித்துத் துடிப்பைக் கணக்குப் பார்க்கும் முறை உங்களுக்குப் பொருந்தாது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்த வேண்டாம். ஏற்றத்தில் பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வசனம் முழுசாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேசலாம் ஆனால் பாட முடியாது என்றால் அளவு சரி. மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோவு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அன்றே வைத்தியசாலை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடியற்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் கூடும். அந்த மாதங்களில் ஆறு மணிக்கு வெளியே போய் வேகமாக நடப்பதைவிட, வீட்டுக்குள் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, வெயில் வந்தபிறகு போங்கள். உங்கள் கணவர் சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைடோ இன்சுலினோ எடுப்பவராக இருந்து உங்களோடு சேர்ந்தால், பயிற்சிக்கு முன் அவர் கட்டாயம் கிளினிக்கில் கேட்க வேண்டும். அவை எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கலாம். உங்கள் இருவருக்கும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடை மிகவும் நல்லது, சாப்பிட்டபின் ஏறும் சீனியை அது குறைக்கும்.

இன்னொன்றையும் பரிசோதிக்கச் சொல்கிறேன்: இரத்தத்தில் ஹீமோகுளோபின். நாற்பதுகளில் மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்களுக்கு இரத்தச்சோகை சாதாரணம், மலையகத்தில் இன்னும் சாதாரணம். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டுவிட்டு வருடக்கணக்கில் களைத்துப்போய்த் திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். நாம் விளைவிக்கும் தேயிலை, அதைக் குடிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். சீனியை மட்டும் குறையுங்கள். ஒரு பிளேன்டிக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஐந்து கோப்பையில் 40 கிராமுக்கு மேல் போய்விடும். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது.

சாப்பாட்டில் நம் குறை புரதம். காலையில் இரண்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் வயிறை நிரப்பும், ஆனால் அதில் பத்துக் கிராம் அளவுதான் புரதம். இந்த வயதில் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். ரொட்டியோடு ஒரு முட்டை, பாடசாலை இடைவேளைக்கு அவித்த கடலை அல்லது கௌபி, மதியம் பருப்போடு நெத்தலிக் கருவாடோ சோயாமீட்டோ. விலை கூடியது எதுவும் தேவையில்லை. பிரஷர் இருப்பதால் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். ஒருவேளை சிறுநீரகத்தில் குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள்.

விடாமல் செய்வது எப்படி என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது கிழமை நிறுத்தியதைப் பற்றி எழுதிய வரியில் அந்த வருத்தம் தெரிந்தது. நான் திட்டம் போடும்போது உங்கள் மோசமான கிழமையை முதலில் கேட்பேன். தவணைப் பரீட்சை விடைத்தாள் குவிந்திருக்கும் கிழமை, ஜூன் ஜூலையில் தலவாக்கலையில் நாள் முழுக்க மழை பெய்யும் கிழமை, தோட்டத்துக் கோயில் திருவிழாக் கிழமை. அந்தக் கிழமையிலும் எது முடியுமோ அதுதான் உங்கள் உண்மையான திட்டம். உங்களுக்கு அது பத்து நிமிடமாக இருக்கும்: சோறு வேகும் நேரத்தில் கதிரைப் பயிற்சி இருபத்துநான்கு தடவை, குதி உயர்த்துவது இருபது தடவை. ஒரு தடவை சேர்த்த பலத்தைக் காப்பாற்ற, சேர்க்கத் தேவைப்பட்ட உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆகவே ஒரு நாள் செய்த கிழமையும் வீணாகப் போன கிழமை அல்ல. மூன்று கிழமை முழுதாக விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மூன்றில் இரண்டு பங்கு அளவில் தொடங்குங்கள்.

சிவனொளிபாதமலைக்கு வருகிறேன். உயரம் 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு படி. சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் போயா வரை. உங்களுக்கு நிறைய மாதங்கள் இருக்கின்றன. போகலாம்.

முதல் மூன்று மாதம் மேலே சொன்ன புதனும் ஞாயிறும் மட்டும். பிறகு பாடசாலை விட்டு வரும் இறக்கத்தை உங்கள் பயிற்சிக் களமாக்குங்கள்: கிழமைக்கு ஒரு நாள், சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடித்துவைத்து, சத்தம் வராமல் காலை வைத்து இறங்குங்கள். செருப்பு தரையில் அறைகிற சத்தம் கேட்டால் தொடை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். செப்டம்பரிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நீளமான இறக்கம் ஒன்று. தொடை முதல் தடவை நன்றாக நோகும். ஆனால் அப்படி ஒரு தடவை நொந்த தசை அடுத்த சில கிழமைக்கு அதே வேலையைப் பாதி நோவில் செய்யும். அதனால் கடைசி நீள இறக்கத்தைப் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பிறகு கால்களை ஆறவிடுங்கள்.

போயா நாளிலும் சனி ஞாயிறிலும் போகாதீர்கள். கூட்டத்தில் படியில் மணிக்கணக்கில் குளிரில் நின்று, விறைத்த காலோடு இறங்க நேரும். சூரிய உதயம் பார்க்க இரவு முழுக்கத் தூங்காமல் ஏறுகிறவர்கள் இறங்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். முதல் நாள் பின்னேரம் நல்லதண்ணியில் சில மணித்தியாலமாவது படுத்து எழும்புங்கள். பிரஷர் குளிசையை வழக்கமான நேரத்துக்கு எடுங்கள். மேலே வியர்வை காய்ந்து குளிரும், மாற்றிக்கொள்ள ஒரு சட்டை வேண்டும். ஏறும்போது மகள் முன்னால் போகட்டும், இறங்கும்போது கைப்பிடி இருக்கும் பக்கம் நீங்கள். ஒரு கையில் தடி. கடைசி ஆயிரம் படியில் எல்லோரும் அவசரப்படுவார்கள், அந்த இடத்தில் நான்கு தடவை உட்கார்ந்து ஆறிவிட்டு வாருங்கள்.

அடுத்த நாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிடுங்கள். இரண்டாவது நாள் தொடை மிகவும் நோகும், படி இறங்கக் கஷ்டமாக இருக்கும். அது தசையின் நோவு, நான்கு ஐந்து நாளில் போய்விடும். மெதுவாக நடமாடுங்கள், படுத்தே கிடக்க வேண்டாம். முழங்கால் மூட்டுக்குள் நோவோ வீக்கமோ இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், எந்தக் கால் என்றும் எழுதுங்கள்.